மூலைக்குப் போன மாமன் முகம்

கரியமாணிக்கம் கிராமத்துக்குப் போகிற வழியில் ஒரு முக்கூட்டு ரோடு. வெயில் இன்னும் சூடு பிடிக்காத காலை. பக்கத்துக் கழனியில் கரும்புச் சோகை எரித்த வாசனை காற்றில் இருந்தது. ரோட்டோரம் சவுக்குக் கம்பு நட்டு இழுத்துக் கட்டிய பெரிய ஃப்ளெக்ஸ் பேனர் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. மஞ்சள் நீராட்டு விழா பேனர்.

அதற்கு முன்னால் ஒரு மனிதர் நின்றிருந்தார். வெள்ளை வேட்டி. மடிப்புக் கலையாத புதுச் சட்டை. கடைக்காரர் குத்திய குண்டூசி ஒன்று காலருக்குக் கீழே இன்னும் மின்னிக்கொண்டிருந்தது. அவருக்குப் பின்னால் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி. அது நிறைய சீர்த்தட்டு, பழம், பட்டுப்புடவை, நனைந்த துணி போர்த்திய மாலை. வண்டிக்குப் பின்னால் பேண்டு மேளக்காரர்கள்.

அவர் பேனரை மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார். நடுவில் பெண்ணின் படம். அதைச் சுற்றிச் சுற்றி முகங்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்து, தலையைச் சாய்த்து, அடுத்த வரிசைக்கு இறங்கி, கடைசியில் குனிந்தே விட்டார். வலது பக்கக் கீழ் மூலையில், சோடா மூடி அளவுக்கு ஒரு முகம்.

"ஓ, இங்க இருக்கிறனா" என்றார். யாரிடமும் சொல்லவில்லை.

அப்புறம் நேராக எதிரே இருந்த டீக்கடைக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மேளம் நின்றது.

வண்டியில் தட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த அவர் மனைவி அஞ்சலை எட்டிப் பார்த்து, "இன்னாயா, பாதி வழியில நிறுத்திப்புட்டு?" என்றார்.

"நீ போறதுன்னா போ. நான் வரல."

இதையெல்லாம் ரோட்டின் அந்தப் பக்கம் நின்று நானும் என்னோடு கம்பெனி நடத்தும் செலினும் பார்த்துக்கொண்டிருந்தோம். செலின் கையில் கேமரா. அந்த பேனரைப் படம் எடுத்து எங்கள் கம்பெனி நோட்டீஸில் போடுவதற்காகத்தான் வில்லியனூரிலிருந்து ஸ்கூட்டரில் போயிருந்தோம். எங்கள் சாஃப்ட்வேர் யார் கையும் படாமல் தானாகவே செய்த முதல் பெரிய பேனர் அது.

டீக்கடைக்காரர் பாலை ஆற்றிக்கொண்டே விஷயத்தைச் சொல்லிவிட்டார். பெஞ்சில் இருப்பவர் ஏழுமலை. பாகூர் பக்கம். பெண்ணுக்குத் தாய்மாமன். அவர் மாலை போட்டு மணையில் உட்கார வைத்தால்தான் சடங்கு. ஆனால் அவரும் அவர் தங்கை தனலட்சுமியும் முகம் கொடுத்துப் பேசிப் பல வருஷம் ஆகிறது. தங்கை வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குப் போனபோது முதல் பந்தியில் அவருக்கு இலை போடவில்லை. தங்கை புருஷன் பக்கத்து ஆட்களை உட்கார வைத்துவிட்டார்கள். அவர் கையைக்கூட நனைக்காமல் திரும்பிவிட்டார். அதற்கு அப்புறம், தங்கை போய் அழைத்து, இன்றுதான் வருகிறார்.

"இப்ப திரும்பிப் போனாருன்னா, அவ்ளோதாம்மா. இந்த ஜென்மத்துல ஒட்டாது" என்றார் டீக்கடைக்காரர்.

உரக்கடை மாடி

போன வாரம் இந்தத் தொடரில், உரக்கடை மாடியில் கம்பெனி தொடங்கியதைப் பற்றி எழுதியதும் ஒருவர் போன் செய்து, "ஏம்மா, யூரியா வாசனையில சாஃப்ட்வேரா?" என்று கேட்டார். ஆமாம். மழைக்காலத்தில் கீழேயிருந்து கிளம்பும் அந்த வாசனை கண்ணைக் கரிக்கும். வாடகைக்கு வில்லியனூரில் அந்த மாடிதான் கிடைத்தது.

நான் பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. டைப் கற்றுக்கொள்ளப் போன இடத்தில் டைப்ரைட்டரை ஓரங்கட்டிவிட்டுக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதைத் தட்டித் தட்டி, கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டேன். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, அப்புறம் ஃப்ளெக்ஸ் மிஷின் வந்ததும் பேனர்.

பேனர் செய்கிறவளுக்குக் கிடைக்கிற பெரிய சொத்து, வருகிறவர்கள் பேசுகிற பேச்சு. "எம்மா, மூஞ்சிய ரொம்ப வெளுப்பாக்காத. ஊர்ல அடையாளம் தெரியாம பூடும்" என்பார் ஒருவர். "மீசையை மட்டும் கொஞ்சம் ஏத்தி வுடு" என்பார் இன்னொருவர். ஒரு அம்மா, செத்துப்போன மாமனார் படத்தைக் கொடுத்து, "இவருக்கு ஒரு மூக்குக்கண்ணாடி போட்டு வுடும்மா. கண்ணாடி இல்லன்னா அவருக்கு யாரையும் தெரியாது" என்றார். போட்டுக் கொடுத்தேன். இதையெல்லாம் காது நிறைய வாங்கி வைத்துக்கொள்வது எனக்கு இன்றைக்கும் பழக்கம்.

செலின் என்னிடம் முதலில் வந்தது, தம்பி சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை பேனருக்கு. வில்லியனூருக்குப் பக்கத்தில் மாதா கோயில் மணி கேட்கும் தூரத்தில் அவர்கள் ஊர். கம்ப்யூட்டர் படித்துவிட்டு, புதுச்சேரி டவுனில் ஒரு கம்பெனியில் யாரோ வெளிநாட்டுக்காரர்களுக்கு ஏதோ எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பேசாத பெண். நான் மவுஸைப் பிடித்து அவள் தம்பியின் தலைமுடியைச் சுற்றி ஓரம் வெட்டிக்கொண்டிருந்ததை வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, இத மிஷினே செய்யும்."

"மிஷின் செஞ்சா நான் இன்னாடி செய்யறது?"

"நீங்க ஜனங்ககிட்ட பேசிக்கினு இருங்க. அதான உங்களுக்குப் புடிக்கும்."

அங்கே தொடங்கியதுதான் எங்கள் கம்பெனி. அவள் வேலையை விட்டதும், அவள் அப்பா ஒரு மாதம் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டதும் தனிக் கதை.

சாஃப்ட்வேருக்கு 'பந்தக்கால்' என்று பெயர் வைத்தது நான். எந்த நல்ல காரியத்துக்கும் முதலில் நடுவது அதுதானே. வெளிநாட்டு சாஃப்ட்வேர்களில் எல்லாம் இருந்தன. ஆனால் நம் பேனரில் இத்தனை முகம் ஏன் நிற்கிறது என்பது அவற்றுக்குத் தெரியாது. 'பந்தக்கால்' படங்களை வாங்கிக்கொள்ளும், பின்னால் இருக்கிற சுவரையும் கதவையும் வெட்டி எறியும், முகங்களை அடுக்கும், தமிழில் பெயர் போடும். பாகூர், மதகடிப்பட்டு, திருக்கனூர், அந்தப் பக்கம் கடலூர் என்று ஒவ்வொரு கடையாக நான் போய்ப் பேசுவேன். திண்டாட்டமாக இருந்தாலும் வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

சில்லு சில்லாய் உடையும் முகம்

அந்த நாட்களில் எங்களுக்குப் பெரிய தலைவலி ஒன்றுதான். சின்னப் படத்தைப் பெரிதாக்கினால் முகம் சில்லு சில்லாக உடையும். கேமரா போன் வந்துவிட்டது, ஆனால் எல்லார் கைக்கும் வந்துசேராத காலம். ஒருவன் கண்ணாடி மாதிரி படம் கொண்டுவருவான். இன்னொருவர் ரேஷன் கார்டில் ஒட்டியதைப் பிய்த்துக் கொண்டுவருவார். இரண்டையும் ஒரே அளவில் போட்டால், மறுநாள் காலையில் கடைக்கு ஆள் வந்து நிற்கும். "எங்கப்பாவ இன்னா அம்மை போட்ட மாதிரி பண்ணி வெச்சிருக்கிற?"

செலின் யோசித்து யோசித்து இதற்கு ஒரு வழி எழுதினாள். சாஃப்ட்வேரே ஒவ்வொரு படத்தையும் அளந்து பார்க்கும். தெளிவாக இருக்கிற படத்தைப் பெரிதாக, மேலே வைக்கும். மங்கலாக இருக்கிறதைச் சின்னதாக்கிக் கீழே இறக்கும். சின்னதாக இருந்தால் உடைசல் தெரியாது. பேனர் மொத்தமும் பளிச்சென்று இருக்கும்.

அவள் அதைப் போட்டுக் காட்டிய அன்று நான் கை தட்டினேன். உரக்கடை முதலாளியைக்கூட மாடிக்குக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர், "பரவால்லியே, நம்ம கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ்ல கூட இவ்ளோ ஒழுங்கா வேலை நடக்கல" என்றார்.

செலின் ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னாள். "அக்கா, இந்த தடவை கை வெக்கக் கூடாது. படத்த குடுக்கிறதோட சரி. மிஷின் இன்னா செய்யுதோ அது அப்படியே அச்சுக்குப் போவணும்."

கைக்குட்டையில் வந்த படம்

அந்தச் சோதனைக்கு வாய்த்தது கரியமாணிக்கம் பேனர். பெண்ணின் அப்பா வழிப் படங்கள் எல்லாம் ஒரு பென்டிரைவில் வந்து சேர்ந்தன. பையன்கள் பைக் மேல் சாய்ந்துகொண்டும், கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டும்.

அன்று சாயங்காலம் பெண்ணின் அம்மா தனலட்சுமி தனியாக வந்தார். பஸ்ஸில் வந்த களைப்பு. தண்ணீர்கூடக் கேட்காமல், இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டையை எடுத்து முடிச்சை அவிழ்த்தார். உள்ளே தபால் தலையை விடக் கொஞ்சம் பெரிய ஒரு படத்துண்டு. பழைய கலர் படம், சிவப்பேறிப் போயிருந்தது. மீசை இன்னும் சரியாகத் தடிக்காத ஒரு வாலிபன். நீலக்கோடு போட்ட சட்டை.

"எங்க அண்ணன்" என்றார். "இதையும் சேத்துடும்மா."

"வேற படம் இல்லியா? இது எதுலேர்ந்தோ வெட்டின மாதிரி இருக்குதே."

"என் கல்யாண படத்துலேர்ந்துதான். எனக்குப் பின்னாடி நின்னுக்கினு இருந்துது. பிளேடால வெட்டினேன்."

"அய்யோ, கல்யாணப் படத்தையா? முழுசா கொண்டாந்திருந்தா நான் இங்கேயே வேணுங்கிறத எடுத்துக்கினு இருப்பேனே."

"அது எனக்கு இன்னாம்மா தெரியும். துண்டா குடுத்தாத்தான் எடுப்பீங்கன்னு நெனச்சேன்." கைக்குட்டையை மடித்து மறுபடி இடுப்பில் செருகினார். "வேற கேக்க முடியாது. பேச்சுவார்த்தை இல்ல. இனிமேல்தான் போயி அழைக்கணும். வருதோ வராதோ. ஆளு வரலன்னாலும் படமாவது வந்து நிக்கட்டும், என் பொண்ணு பக்கத்துல."

அந்தத் துண்டின் கீழ் ஓரத்தில், கல்யாணப் பெண்ணின் நெற்றிச்சுட்டி பாதி ஒட்டிக்கொண்டிருந்தது. அதாவது தனலட்சுமி அண்ணன் முகத்தைத் தனியாக எடுப்பதற்குத் தன் தலையிலேயே பிளேடை ஓட்டியிருந்தார். நான் ஸ்கேன் செய்து, அந்த நெற்றிச்சுட்டியை அழித்து, சுத்தமாக்கி, செலின் கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போனேன். செலின் எல்லாப் படத்தையும் 'பந்தக்கால்' கையில் கொடுத்துப் பொத்தானை அமுக்கினாள். படத்தை வாங்கிய எனக்கு அவர் எந்த மூலைக்குப் போனார் என்று தெரியாது. மூலையைப் பார்த்த அவளுக்கு அவர் யார் என்று தெரியாது.

சாஃப்ட்வேர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. இருந்ததிலேயே மங்கலான படம் எதுவோ, அதை எல்லாவற்றையும் விடச் சின்னதாக்கி, எல்லாவற்றுக்கும் கீழே வைத்தது.

டீக்கடை பெஞ்சு

நான் போய் அவர் எதிரில் நின்றேன். எனக்குப் பின்னால் செலின்.

"அண்ணே, இந்த பேனரு நாங்க செஞ்சதுதான்."

"நல்லாத்தாம்மா செஞ்சிருக்கிறீங்க. பளபளன்னு இருக்குது."

"உங்க படம்..."

"எனக்கு இன்னா? நான் இன்னா எலெக்சன்லயா நிக்கிறேன், பெருசா போடறதுக்கு?"

வண்டியிலிருந்து அஞ்சலை விடவில்லை. "வேணாம்னா எழுந்து வாயேன். அப்புறம் இன்னாத்துக்கு பெஞ்சைத் தேச்சிக்கினு உக்காந்திருக்கிற?"

"நீ கம்முனு இரு." அவர் குரல் உயரவில்லை. "அன்னைக்கு எலை போடல. இன்னைக்குப் படம் போட்டிருக்காங்க, மூலையில. அந்த வூட்டுக்காரங்க எப்பவும் அப்படித்தான், வுடு. இவளும் பாத்துக்கினுதான இருந்திருப்பா? என் கூடப் பொறந்தவ. அவளுக்கும் நான் இவ்ளோதான்னு தெரிஞ்சிபோச்சு இல்ல?"

அப்போதுதான் எனக்கு விஷயம் எங்கே குத்தியிருக்கிறது என்று புரிந்தது. படத்தின் அளவைத் தங்கை தீர்மானித்ததாக அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

"அச்சுக்குப் போறவரைக்கும் உங்க தங்கச்சி இத பாக்கவே இல்லண்ணே. யாரும் கை வெக்கல. மிஷின் அடுக்கினது."

"மிஷினுக்கும் எனக்கும் இன்னாம்மா பகை?"

செலின் முன்னால் வந்தாள். நான் பேசிச் சமாளித்துவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அவளுக்குச் சமாளிப்பு பிடிக்காது.

"உங்க படம் தெளிவா இல்லண்ணா. தெளிவா இல்லாதத சின்னதாக்கணும்னு நான்தான் எழுதி வெச்சேன். அது உங்களைப் பாக்கல. படத்தைத்தான் பாத்துது."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "படம் தெளிவா இல்லன்னா ஆளு சின்னவனா பாப்பா?"

செலின் கேமரா வாரை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள்.

அவர் பேனரைக் கைகாட்டினார். "அந்தா, மேல கூலிங்கிளாசு போட்டுக்கினு ஒருத்தன் நிக்கிறானே, பொண்ணு தலைக்குப் பக்கத்துல. யாரு அவன்?"

டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "அவன் பொண்ணோட சித்தப்பா பையனுக்குக் கூட்டாளி. பொண்ணு பேரே அவனுக்குத் தெரியாது."

"அவன் தெளிவா இருக்கிறானா?"

"புதுப் போனுப்பா அவனுது."

மேளக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். ஏழுமலைக்கும் சிரிப்பு வந்தது. வந்ததை உள்ளே இழுத்துக்கொண்டார். "என் வூட்லயும் போன வருசம் எடுத்த படம் இருக்குது. ஒரு வார்த்தை கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டனா?"

"எப்படிண்ணே கேப்பாங்க? இந்தப் படம் குடுக்க வந்த அன்னைக்கு உங்களை அழைக்கவே இல்ல அவங்க. அழைச்சாலும் வராம இருந்துடுவீங்களோன்னு பயந்துக்கினு இருந்தாங்க."

"அப்ப இது எங்கேர்ந்து வந்துது?"

எழுந்து மறுபடியும் பேனர் கிட்டே போனார். மூலையில் குனிந்து அந்தச் சோடா மூடி முகத்தை உற்றுப் பார்த்தார். முதல் தடவை பார்த்தபோது அளவைத்தான் பார்த்திருந்தார் போலிருக்கிறது. இப்போது சட்டையைப் பார்த்தார்.

"இது அந்த நீலக்கோட்டுச் சட்டை இல்ல? அவ கல்யாணத்துக்கு எடுத்தது."

"ஆமாண்ணே. கல்யாணப் படத்துலேர்ந்து பிளேடால வெட்டி எடுத்தாங்க. கைக்குட்டையில முடிஞ்சி கொண்டாந்தாங்க. உங்களை எடுக்கப் போயி அவங்க தலையிலயே பாதி போயிடுச்சு. அந்த நெத்திச்சுட்டி துண்டுல ஒட்டிக்கினு இருந்துது."

"வெட்டிட்டாளா?"

"நான்கூடத் திட்டினேன். அதுக்கு இன்னா சொன்னாங்க தெரியுமா? ஆளு வரலன்னாலும் படமாவது வந்து பொண்ணு பக்கத்துல நிக்கட்டும்னாங்க."

அவர் திரும்பவில்லை. பேனரைப் பார்த்தபடியே நின்றார். காற்றில் மூலை மடங்கியது. அதைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். டீக்கடைக்காரர் ஸ்டவ்வைக் குறைத்தார்.

"கூமுட்டை" என்றார் ஏழுமலை. "இருந்தது ஒரே ஒரு கல்யாணப் படம். அதையும் வெட்டிக்கினு. சின்னப் புள்ளையிலயே அவளுக்கு எதையும் கேக்கத் தெரியாது. பிச்சித்தான் எடுப்பா."

வண்டியிலிருந்து அஞ்சலை குரல் வந்தது. முந்திய காரம் அதில் இல்லை. "யோவ், மாலை வாடுதுயா. பேசறத அங்க வந்து பேசலாம்."

அவர் முகத்தைத் துண்டால் துடைத்தார். மேளக்காரர்களைப் பார்த்து, "இன்னா உக்காந்துட்டீங்க? நடங்கப்பா" என்றார். நான் கிட்டே போய்க் காலரில் இருந்த குண்டூசியை எடுத்துவிட்டேன்.

மானிட்டரில் ஒரு கேள்வி

திரும்பி வந்ததும் செலின் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாவது நாள் என்னைக் கூப்பிட்டு மானிட்டரைக் காட்டினாள். படங்களைக் கொடுத்ததும், அடுக்குவதற்கு முன்னால், ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது. அதில் ஒரே கேள்வி: தாய்மாமன் யாரு?

பதில் சொல்லாமல் மேலே போக முடியாது. சொல்லிவிட்டால், அந்தப் படம் எவ்வளவு மங்கலாக இருந்தாலும் பெரிதாக, மேலே, பெண்ணுக்குப் பக்கத்தில் போய் நிற்கும். உடைசல் தெரிந்தால் தெரியட்டும்.

கடைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? மறு வாரமே பாகூரிலிருந்து போன். "எம்மா, கட்சி பேனருக்கும் தாய்மாமன் யாருன்னு கேக்குது. வட்டச் செயலாளரைப் போடட்டா?" கடலூரில் ஒருவர் கோயில் கும்பாபிஷேக பேனருக்குப் பெருமாளையே தாய்மாமன் ஆக்கிவிட்டார். செலின் ஒவ்வொன்றாகச் சரி செய்தாள். ஞானஸ்நான பேனருக்கு ஞானத்தகப்பனையும் ஞானத்தாயையும் கேட்க வைத்தாள். வீராம்பட்டினத்தில் கடை வைத்திருந்த ஒரு பெண், "அக்கா, கூடப் பொறந்தவன் இல்லாத அம்மாங்க இந்தப் பெட்டியப் பாத்துட்டு முகம் வாடிப் போறாங்க" என்று சொன்னதும், கேள்வியை மாற்றினோம். தாய்மாமன், அல்லது அந்த இடத்தில் நிற்பவர்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்தப் பெட்டியால்தான் எங்கள் கம்பெனி நிமிர்ந்தது. விழுப்புரம், பண்ருட்டி பக்கமெல்லாம் "தாய்மாமன் கேக்குமே, அந்த சாஃப்ட்வேர் குடுங்க" என்றுதான் கேட்பார்கள். பந்தக்கால் என்று நான் ஆசையாக வைத்த பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை.

பிற்பாடு பெரிய கம்பெனி ஒன்றிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மாடிப்படியிலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். மொத்தமாக வாங்கிக்கொள்கிறோம், ஆனால் அந்தக் கேள்வியை எடுத்துவிட வேண்டும், அது வந்ததும் நிறையப் பேர் மேலே போகாமல் நின்றுவிடுகிறார்கள் என்றார்கள். செலின், "நிக்கட்டுங்க. நின்னு யோசிக்கட்டும்னுதான் வெச்சிருக்கோம்" என்றாள். அவர்கள் டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

இப்போது பேனர் கட்டவே ஆயிரம் கட்டுப்பாடு. பத்திரிகை, பேனர் எல்லாம் போனுக்குள் போய்விட்டது. வாயால் சொன்னாலே படம் வரைந்து தருகிற ஆப்புகள் வந்துவிட்டன. நாங்களும் போனுக்கு மாறினோம். கடைகள் மூடின. பழையபடி வியாபாரம் இல்லை. ஆனாலும் மாடியில் விளக்கு எரிகிறது. யூரியா வாசனையும் இருக்கிறது.

வெட்டாத மாதிரி ஒரு படம்

கரியமாணிக்கத்துக்குத் திரும்பி வருகிறேன்.

மேளம் முன்னால் போக, ஏழுமலை நடந்தார். நானும் செலினும் பின்னாலேயே போனோம். சத்தம் கேட்டுத் தனலட்சுமி வாசலுக்கு ஓடி வந்தார். கையில் மாவு. அண்ணனைப் பார்த்ததும் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் புடவையிலேயே துடைத்துக்கொண்டார். ஏழுமலை பெண்ணுக்கு மாலை போட்டார். பட்டுப்புடவையைத் தட்டோடு கொடுத்தார். முதல் பந்தி போட்டதும் தனலட்சுமி தானே ஓர் இலையைக் கொண்டுவந்து, அதை நடு வரிசையில் விரித்து, தண்ணீர் தெளித்துவிட்டு அதன் பக்கத்திலேயே நின்றார். அவர் வந்து உட்காரும்வரை நகரவில்லை.

சாப்பிட்டுக் கை கழுவி வந்தவர் செலினைத் தேடினார்.

"பாப்பா, கேமரா இருக்குதில்ல? எங்க ரெண்டு பேரையும் ஒண்ணு எடு."

"சரிண்ணா."

"இவ வெட்டாத மாதிரி எடு."

தனலட்சுமிக்கு அப்போதுதான் தெரிந்தது, படத்தை வெட்டிய விஷயம் அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது என்று. "யாரு சொன்னது?" என்று என்னைப் பார்த்தார். நான் தோரணத்தைப் பார்த்தேன். தனலட்சுமி அண்ணன் பக்கத்தில் போய் நின்று, அவர் தோளில் கையைப் போட்டு, சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். புதுச் சட்டை கசங்கியது. செலின் எடுத்தாள்.

அந்தப் படம் இன்றைக்கும் எங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது. புதிதாக எதையாவது எழுதி முடித்தால், செலின் முதலில் அதைத்தான் போட்டுப் பார்ப்பாள். அதிலிருந்து ஏழுமலையை மட்டும் தனியாக வெட்டச் சொல்வாள். ஒவ்வொரு தடவையும் தோற்கும். தங்கையின் விரல் நாலும் அவர் தோளோடு சேர்ந்தே வரும். "இன்னும் வரலக்கா" என்பாள். எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி.

போன மாதம் புதிதாக ஒன்றைச் சேர்த்தாள். தானாகவே கற்றுக்கொள்கிற சமாச்சாரமாம், எனக்கு விளங்கவில்லை. வழக்கம் போல அந்தப் படத்தைப் போட்டாள். கண் மூடித் திறப்பதற்குள் ஏழுமலை தனியாக வந்து நின்றார். ஒரு முடி பிசிறவில்லை. தோள் பளிச்சென்று இருந்தது. கசங்கிய சட்டையைக்கூட அது நீவிச் சரிசெய்து வைத்திருந்தது.

இத்தனை வருஷம் பாடுபட்ட வேலை. நான் கை தட்டலாமா என்று பார்த்தேன்.

செலின் முகத்தைக் கிட்டே கொண்டுபோய் அந்தத் தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கை எங்கக்கா?" என்றாள்.

சேமிக்கவா என்று கேட்டது கம்ப்யூட்டர். அவள் வேண்டாம் என்பதை அமுக்கினாள்.